சனிக்கிழமைப் பிள்ளைகளும் ரத்தினம்மாளும்

ரத்தினம்மாளுக்குப் பொறாமைப்பட மனுஷர்கள்தான் வேண்டும் என்பதில்லை. ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூருக்கு வந்த புதிதில், புருஷன் அர்ஜுனன் காலையில் ஏறிப்போகும் பஸ்ஸைப் பார்த்தே அவளுக்கு வயிறெரிந்தது. அப்புறம் அவர் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய ரேடியோ. அதற்கப்புறம் பொம்மசந்திராவில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனி அவளுக்குச் சக்களத்தி ஆயிற்று.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோவிலுக்குப் போகும் சந்து ஒன்றில் வீடு. வியாழக்கிழமைகளில் கோவில் வாசலில் பூவும் மெழுகுவர்த்தியும் விற்பாள். பக்கத்துக் கடைக்காரியின் கூடை தன்னுடையதற்கு முன்னால் காலியாகிவிட்டால் அன்று ராத்திரி சோறு இறங்காது. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் கடையைக் கட்டும்போது குழந்தை இயேசுவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வருவாள். மற்றவர்கள் வேண்டுதல் மட்டும் பலித்துவிடக் கூடாதே.

சந்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுச்சேலை கட்டினவர்கள் அவள் வாசலைத் தாண்டும்போது கொஞ்சம் எட்டி நடை போட்டார்கள். அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. வேலைக்குப் போன அர்ஜுனன் திரும்பவில்லை. மூன்று நாள் சேதியில்லை. பையன் சீனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரத்தினம்மாள் கோவில் படியிலேயே கிடந்தாள். தாலியை இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் தடம் விழுந்துவிட்டது. நாலாம் நாள் அவர் வந்தார். முழுசாக வந்தார். கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது போல் தெரிந்தது. கூட வேலை செய்யும் கன்னடக்காரர் கோவிந்தப்பா ஆனேக்கல்லில் தன் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

"கோவிந்தப்பா வீட்டம்மா ராகி முத்தேயும் சாரும் போட்டாங்க பாரு ரத்னா, இன்னா ருசின்ற! நாக்குலயே நிக்குது."

அவள் அழுது ஓய்ந்திருந்தாள். களிக்கும் குழம்புக்கும் அந்தப் புகழ்ச்சியைக் கேட்டதும் கண் காய்ந்துவிட்டது.

"நான் இங்க பச்சத்தண்ணி படாம கெடந்தேன். நீ அங்க சாரு ருசி பாத்துக்கினு இருந்தியா?"

அன்றைக்கே அவள் சட்டம் போட்டாள். இனி இந்த வாசப்படிக்கு உள்ளே ஒரு வார்த்தை கன்னடம் கேட்கக் கூடாது. கலவரத்தில் மனசு உடைந்துபோயிற்று என்று சந்து முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. உடைத்தது அந்தச் சாரு.

அர்ஜுனனும் சட்டத்தை மீறவில்லை. கன்னடத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவார்.

ரிடையரான மறு வருஷம் அவருக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல். 'சனியனே.' டாக்டரைச் சனியனே என்றார். மின்விசிறியைச் சனியனே என்றார். பசித்தாலும் அதுதான், வயிறு நிறைந்தாலும் அதுதான். முன்பெல்லாம் 'ரத்னா' என்று கூப்பிட்ட வாயால் அவளையும் அப்படியே கூப்பிட்டார். அவள் அதைச் சுருதி வைத்துப் புரிந்துகொள்ளப் பழகினாள். இது தண்ணீர்ச் சனியன், இது ஒன்றுக்குச் சனியன். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், முகம் மழித்தாள், இரவில் புரட்டிப் படுக்க வைத்தாள்.

வெளியே சொல்லமாட்டாள், ஆனால் அதில் ஒரு நிம்மதி இருந்தது. கம்பெனியில்லை, பஸ்ஸில்லை, கோவிந்தப்பா வீடில்லை. மனுஷன் கடைசியில் அவளுக்கே என்று ஆகியிருந்தார். ஒரே ஒரு குறை. ஒருதரம் 'ரத்னா' என்று சொல்லிவிட்டால் போதும்.

இரண்டாயிரத்து ஒன்றில் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள்.

ஓர் ஆஸ்பத்திரிக் கல்லூரியில் புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். டாக்டருக்குப் படிப்பவன் நர்சுக்குப் படிப்பவளோடு பேசுவதில்லை, இரண்டு பேரும் மற்றவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை, வேலைக்குப் போன பின்பும் அப்படியே இருக்கிறார்கள் என்று அங்கே ஓஸ்வால்ட் என்றொரு வாத்தியாருக்குக் கவலை. நாலு படிப்பிலிருந்தும் ஆளுக்கு ஒருவராக எடுத்து, நாலு பேரையும் சேர்த்து வயசான ஒருத்தர் வீட்டுக்குச் சனிக்கிழமை தோறும் அனுப்பினார். அர்ஜுனன் வீட்டுக்கு வந்தது ஒரு கூட்டம்.

டாக்டருக்குப் படிக்கும் தருண் சென்னைப் பையன், சந்தேகம் வந்தால் மூக்கைத் தடவுவான். நடக்கப் பழக்கும் படிப்பு ரெமிஜியஸுக்கு, ஆள் அலமாரி மாதிரி. நர்சுக்குப் படிக்கும் மௌரீன் அடுத்த சந்துப் பெண்தான், ரத்தினம்மாளிடம் பூ வாங்கி வளர்ந்தவள். நாலாவது ரக்ஷிதா. தும்கூர்ப் பெண். போன பேச்சைத் திரும்ப வரவழைக்கிற படிப்பு. கொஞ்சம் தமிழ் பேசுவாள், சிரித்துச் சிரித்துப் பேசுவாள். அந்தச் சிரிப்பு ரத்தினம்மாளுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

மௌரீன் அர்ஜுனனுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு அதே பட்டையை ரத்தினம்மாள் கையிலும் சுற்றினாள்.

"எனக்கு எதுக்கும்மா? நோவு அவருக்கு."

"நீங்க விழுந்துட்டா அவரை யாரு தூக்கறது ஆன்ட்டி? உங்களையும் சேத்துத்தான் பாக்கணும்."

தருண் மூக்கைத் தடவிக்கொண்டு எண்ணைக் கேட்டான். அவருடையதைவிட இவளுடையது கூடுதலாக இருந்தது. ரத்தினம்மாளுக்கு அதில் ஒரு சந்தோஷம். ஏதோ ஒன்றில் முந்திவிட்டாள்.

அந்தச் சந்தோஷம் கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. ரக்ஷிதா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அர்ஜுனன் முழங்காலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். பசு, குடை, சாவி. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அட்டைகளை மடியில் கவிழ்த்துவிட்டு, வழியில் தெரிந்தவரைப் பார்த்தால் கேட்பது போலச் சும்மா கேட்டாள்.

"ஊட்டா ஆய்தா தாத்தா?"

சாப்பாடு ஆயிற்றா என்று. இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பது.

அர்ஜுனன் ஜன்னலிலிருந்து திரும்பினார். உதடு கோணி, நேராகி, மறுபடி கோணியது.

"ஆய்து," என்றார்.

மௌரீன் கைதட்டினாள். ரெமிஜியஸ் தருணின் முதுகில் அறைந்தான். ரக்ஷிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

ரத்தினம்மாள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரைமணி நேரத்துக்கு முன்னால் ரசஞ்சாதத்தைப் பிசைந்து, ஒவ்வொரு கவளமாக ஊட்டி, வழிந்ததைத் துடைத்துவிட்டது அவள் கை. சாப்பிட்டாயிற்று என்ற சேதி மட்டும் அந்தப் பெண்ணுக்குப் போனது. அதுவும் வாசப்படிக்கு உள்ளே நுழையக் கூடாத பாஷையில்.

அடுத்தடுத்த வாரங்களில் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. பேக்கு, பேடா, சாக்கு, ஹோகு. வேண்டும், வேண்டாம், போதும், போ. எல்லாம் கன்னடம். தமிழில் ஓரெழுத்து இல்லை. இருந்த 'சனியனே'யும் நின்றுபோயிற்று. ரத்தினம்மாள் தட்டோடு வந்தால் பேசாமல் வாயைத் திறந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். அன்றைக்கு என்ன கிழமை என்று கணக்குப் போடுகிறார் என்று அவளுக்குத் தோன்றும்.

கிளம்புவதற்கு முன்னால் அந்த நாலு பேரும் அர்ஜுனனின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்லி முடிவெடுப்பார்கள். வீட்டு ஆட்களையும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது ஓஸ்வால்ட் சார் கட்டளை. ஒரு சனிக்கிழமை அங்கே சண்டை வந்தது.

"வாரத்துல ஒரு மணி நேரம் நீ பேசறே," என்றாள் மௌரீன் ரக்ஷிதாவிடம். "மீதி நேரமெல்லாம் கூட இருக்கறது ஆன்ட்டி. அவரு கன்னடத்துல தண்ணி கேட்டு யாருக்கு என்ன லாபம்? தமிழ்ல ஆரம்பி."

"வர்ற வார்த்தைய வராதேன்னு சொல்லக்கூடாது மௌரீன். ஒண்ணு வந்தா, அதோட கைய புடிச்சிக்கினு இன்னொண்ணு வரும். தமிளும் வரும்."

தருண் மூக்கைத் தடவினான். "புக்ல தேடிப் பாத்தேன். ரெண்டு பாஷை பேசறவங்களுக்கு மூளையில அடிபட்டா, ஒண்ணு மட்டும் மொதல்ல திரும்பலாமாம். எதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியாதாம்மா."

"ஏன் முடியாது? அதான் அவரே சொல்லிட்டாரே," என்றாள் ரத்தினம்மாள்.

ரெமிஜியஸ் மெதுவாகக் கேட்டான். "அம்மாவே அவர்கிட்ட கன்னடத்துல பேசினா?"

நாலு தலையும் அவள் பக்கம் திரும்பின.

"எனக்குக் கன்னடம் வராது."

மௌரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆன்ட்டி! போன வியாழக்கெழம ஒரு ஆட்டோக்காரன கன்னடத்துல கிழிச்சீங்களே, பூசை வச்சுக்கினு இருந்த சாமியாரே திரும்பிப் பாத்தாரு."

"அது திட்றது. திட்றதுக்கெல்லாம் பாஷை எதுக்கு?"

"அப்போ இவரையும் கொஞ்சம் திட்டுங்களேன்," என்றான் ரெமிஜியஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். அர்ஜுனனும் சிரித்தார், ரக்ஷிதா முகத்தைப் பார்த்து. ரத்தினம்மாள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே கழுவினாள். வராமல் என்ன? அவள் வீட்டுப் படியை இறங்கினால் பேசுவதில் பாதி கன்னடம்தான். ஆனால் அவளுக்கு அவர் தமிழில் புருஷனானவர். அந்தப் பெண்ணின் பாஷையில் போய் அவரிடம் நிற்பது, அந்தப் பெண் கட்டிக் கழற்றிய சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு நிற்பது போல.

அந்தப் பிள்ளைகளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. மாத்துவேலை என்பார்கள். வாரத்துக்கு ஒருவர், தன் வேலையை விட்டுவிட்டு இன்னொருவர் வேலையைச் செய்ய வேண்டும். வேலைக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார். மற்றவன் வேலை எவ்வளவு சிரமம் என்று தெரியட்டும் என்று ஓஸ்வால்ட் சார் வைத்தது. ஒரு வாரம் தருண் அர்ஜுனனுக்குக் கால்நகம் வெட்டினான். வெட்டி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. இன்னொரு வாரம் ரெமிஜியஸ் அட்டைப் படங்களைக் காட்டினான். பசுவைக் காட்டி அவனே 'அம்மா' என்று கத்தினான். ரத்தினம்மாள்கூடச் சிரித்துவிட்டாள்.

அடுத்த முறை ரக்ஷிதாவுக்கு மௌரீனின் வேலை விழுந்தது.

"இன்னிக்கு தாத்தாவுக்கு ஷேவிங்," என்றாள் மௌரீன்.

சோப்பும் கிண்ணமும் ரேஸரும் ரத்தினம்மாள்தான் எடுத்துக் கொடுத்தாள். வாதம் வந்ததிலிருந்து அந்த முகத்தை மழித்தவள் அவள். ஒவ்வொரு தடவையும் அது ஒரு யுத்தம். முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொள்வார். மோவாயை அவள்தான் இடது கையால் ஏந்தி நிமிர்த்த வேண்டும், கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

ரக்ஷிதா நுரையைத் தடவிவிட்டு, ரேஸரைப் பிடிக்கத் தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அர்ஜுனன் அவளைப் பார்த்தார். பிறகு தானாகவே தலையைப் பின்னால் சாய்த்து மோவாயை உயர்த்திக் கொடுத்தார். கன்னத்தை நாக்கால் உப்பிக் காட்டினார். கல்யாணத்தன்று மாலைக்குக் குனிந்துகொடுத்த மாதிரி இருந்தது.

மழித்த முகத்தில் ஒரு கீறலும் இல்லை. போகும்போது ரக்ஷிதா, "ஆன்ட்டி, தாத்தா எஷ்டு ஒள்ளேவ்ரு! ரொம்ப நல்லவரு! அப்படியே ஒத்துளைக்கறாரு," என்றாள்.

"ஆமாமா. ரொம்ப நல்லவரு," என்றாள் ரத்தினம்மாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அவர் முகத்தைத் தொடவில்லை. தாடி முளைக்கட்டும் என்று விட்டாள். வியாழக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றும்போது முதல்முறையாக வேறொருத்திக்காக வேண்டுதல் ஒன்று வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வரட்டும். தூரத்தில். கடல் தாண்டி இருந்தாலும் சரி.

குழந்தை இயேசு அவசரப்படுவதாகத் தெரியவில்லை. ஆகவே சனிக்கிழமை காலையில், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், அவள் அவருக்கு வெள்ளை வேட்டி கட்டி, சட்டை மாட்டி, வீட்டைப் பூட்டினாள். ஓசூரில் சீனு வீட்டில் பத்து நாள் தங்குவது, அதற்குள் அவர்கள் வேறு கிழவரைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று திட்டம். ஆட்டோவில் மடிவாளா வரை போய், அங்கே ஓசூர் பஸ்ஸில் ஏறினார்கள். அவர் இடது கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக ஏறினார். ரெமிஜியஸ் சொல்லிக்கொடுத்தது. அதைப் பார்த்து ரத்தினம்மாளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர்கள் நடக்கப் பழக்கிய காலை வைத்தே அவர்களிடமிருந்து தப்பிக்க வேண்டியிருந்தது.

ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து, வழியை அடைத்துக்கொண்டு பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். பஸ் நிறைந்தது. எலக்ட்ரானிக் சிட்டி தாண்டும்வரை அவர் அசையவில்லை. அதற்கப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேட்டி மடிப்பைத் தடவினார், சட்டைப் பையைத் தடவினார். வேலைக்குப் போன காலத்தில் பஸ் பாஸ் அந்தப் பையில்தான் இருக்கும்.

"பொம்மசந்திரா! யார்ரீ இளியோரு?" என்று இறங்குகிறவர்களைக் கேட்டான் கண்டக்டர்.

அர்ஜுனன் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருயா. நம்ம எடம் இல்ல. ஓசூரு போறோம். சீனு வீடு." அவள் அவர் தொடையை அழுத்தினாள்.

அவர் மறுபடி எழுந்தார். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து முழுசாக நின்றுவிட்டார். குனிந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அறிமுகமும் இல்லை. வழியில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஓர் அம்மாவைப் பார்க்கிற பார்வை.

"நீவு எல்லி இளீத்தீரா?" என்று கேட்டார்.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? நெரிசலில் இறங்கப் போகிறவன் வழியை மறிக்கிறவரிடம் கேட்பது. இந்தத் தடத்தில் தினமும் கேட்டுக் கேட்டு வாயில் தேய்ந்து கிடந்த கேள்வி, ஒரு பிசிறில்லாமல் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை 'நீங்க' என்று மரியாதையாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். உட்காரு என்று தமிழில் இன்னொரு தரம் சொல்லலாம். அது அவர் காதில் ஏறாது. இந்த மனுஷன் தன்னைத் தாண்டி இறங்கிப் போய்விடுவார். இத்தனை வருஷமும் தினம் காலையில் போனது போல.

"நீவெல்லோ, நானூ அல்லே," என்றாள்.

நீங்கள் எங்கோ, நானும் அங்கேதான்.

அவர் தலையாட்டினார். சகபயணியிடம் ஆட்டுவது போல. இருவரும் இறங்கினார்கள்.

கம்பெனி கேட் ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருந்தது. அவர் தடியை ஊன்றி அதைப் பார்த்தே நடந்தார். வாசலில் பழுப்புக்கோட்டு போட்ட காவல்காரன் புது ஆள். யாரோ கிழவர் வருகிறார் என்று சும்மா பார்த்தான். உள்ளே போக விடமாட்டான், இவர் அவமானப்படுவார் என்று ரத்தினம்மாளுக்குப் புரிந்தது. அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவத்து ரஜா," என்றாள். இன்றைக்கு லீவு.

"ரஜா?"

"ஹூம். ரஜா."

அவர் கேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் ஒரு தளர்வு வந்தது. எதிர்பாராமல் லீவு விட்ட வேலைக்காரன் முகம். கேள்வியும் பதிலுமாக அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது, வாதம் வந்த பின்பு அன்றைக்குத்தான் முதல் தடவை.

கேட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் ஒரு தள்ளுவண்டி டீக்கடை. அவருடைய கால் தானாக அங்கே திரும்பிற்று. கல்லின் மேல் உட்கார்ந்தார். அதுதான் அவர் இடம் என்று உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. கடைக்காரனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "ஓ, அர்ஜுனண்ணா! எஷ்டு தினா ஆய்து!" என்று கத்தினான். எவ்வளவு நாளாயிற்று.

ரத்தினம்மாள் நின்றபடியே சுற்றிலும் பார்த்தாள். இந்த மரம். இந்தக் கல். இந்தப் புகை, இந்த டீ. பகல் வெளிச்சத்தையெல்லாம் இங்கே இறக்கி வைத்துவிட்டு, இருட்டை மட்டும்தான் இந்த மனுஷன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இன்னது என்று இல்லாமல் எல்லாவற்றின் மேலும் வயிறெரிந்தது. மரத்தின் மேல்கூட எரிந்தது.

அர்ஜுனன் இடது கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினார். "ஒந்து," என்றார். பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்தார். இரண்டாவது விரலும் மெல்ல எழுந்தது.

"எரடு."

இரண்டு டீ வந்தது. அவள் கல்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள். டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. வீட்டில் சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டதெல்லாம் இதனால்தானா என்று நினைத்துக்கொண்டாள்.

ஓசூருக்குப் போகவில்லை. ரோட்டைக் கடந்து, திரும்பும் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

சந்துக்குள் நுழையும்போதே தெரிந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தருண் காகிதப் பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டிருந்தான். ரக்ஷிதா முகம் வீங்கியிருந்தது.

"என்ன ஆன்ட்டி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று மௌரீன் எழுந்து வந்தாள். "ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கினு போயிட்டீங்களோன்னு பயந்துட்டோம். இவ ஒரே அழுகை. தான் ஏதோ தப்புப் பண்ணிட்டதா."

பண்ணினவள் அழட்டும் என்று நினைத்தபடி ரத்தினம்மாள் பூட்டைத் திறந்தாள்.

ரக்ஷிதா அர்ஜுனன் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். "எல்லி ஹோகித்ரி தாத்தா?" எங்கே போயிருந்தீர்கள்.

"கம்பனி," என்றார்.

"கம்பனிக்கா! ஜொதேகே யாரு?" கூட யார்?

ரத்தினம்மாள் சேலைத் தலைப்பில் சாவியை முடிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். அவர் தலையைத் திருப்பி அவளை வெகுநேரம் பார்த்தார். ரத்னா என்று சொல்லிவிடுவார் போல உதடு குவிந்தது.

"இவ்ரு," என்றார். இவர்கள். அப்புறம் இன்னொரு சொல்லைத் தேடி எடுத்தார். "பஸ்ஸு."

பஸ்ஸில் வந்தவர்கள். ரக்ஷிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரத்தினம்மாளுக்கு விளங்கியது. ரத்னா இல்லை. ஆனால் அந்தப் பெண் அந்தப் பஸ்ஸில் இல்லை. அதில் அவரோடு இருந்தது இவள் மட்டும்தான்.

"இன்னிக்கு யாருக்கு மாத்துவேலை?" என்று கேட்டாள்.

தருண் மூக்கைத் தடவினான். "எனக்குத்தான்மா, ரெமிஜியஸோட..."

"அது அடுத்த வாரம் இருக்கட்டும். இன்னிக்கு எனக்கு." ரக்ஷிதாவைத் தோளைத் தொட்டு எழுப்பினாள். "உன் வேலைய நான் பாக்கறேன். என் வேலைய நீ பாரு. உலையில அரிசி போடணும். பருப்பு டப்பா மேல் அலமாரில. ரசத்துக்குப் புளி ஊற வெச்சிடு."

"ஆன்ட்டி, எனக்கு ரசம் வெக்கத் தெரியாது."

"எனக்கு மட்டும் பேச்சு சொல்லிக்கொடுக்கத் தெரியுமா? சிரமம் தெரியட்டும்னுதானே உங்க சாரு வெச்சாரு. போ."

மௌரீன் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். ரெமிஜியஸ் பருப்பு டப்பாவை எடுக்க எட்டினான். ரக்ஷிதா மற்றவர்களைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

ரத்தினம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் சூடு அதில் இன்னும் இருந்தது. அட்டைப் படங்களைக் கீழே தள்ளினாள். முழங்காலை அவர் முழங்காலுக்கு நேராக வைத்தாள். வாசப்படிக்கு உள்ளே, தன் வீட்டில், தானே போட்ட சட்டத்தை மீறத் தொண்டையைச் செருமினாள்.

"ஊட்டா ஆய்தா?"

அர்ஜுனனின் கண் அவளைத் தாண்டிச் சமையலறைக்குப் போயிற்று. அங்கே ஒரு பாத்திரம் விழுந்தது, அந்தப் பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் கழுத்தை நீட்டினார்.

ரத்தினம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே நாற்காலியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துச் சமையலறை வாசலை மறைத்தாள்.

அவர் பார்வை முட்டிக்கொண்டு நின்றது. பிறகு அவள் முகத்துக்குத் திரும்பியது. புருவம் சுருங்கியது. எவ்வளவோ வாரமாகக் காணாமல் போயிருந்த ஒன்று அவர் வாயில் புரண்டு வந்தது.

"சனியனே!"

"ஹூம்," என்றாள் ரத்தினம்மாள், நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி. "அப்புறம்? சொல்லு. ஹேளி."